நீர் வரும் நேரம்

வீட்டில் எங்கேனும் தண்ணீர் ஒழுகினால் நாம் முதலிற் கேட்பது, "எங்கே ஒழுகுகிறது?" என்பதே. கூரையானாலும் குழாயானாலும் அக்கேள்வி பெரும்பாலும் போதுமானது. சலவை இயந்திரத்துக்கு அது போதாது. இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஒரு மூலையிற் பிறக்கும் நீர், தகட்டின்மேல் ஊர்ந்து, வயரைப் பற்றி இறங்கி, தரையின் சரிவைத் தேடி ஓடி, வேறொரு மூலையிலே போய்த் தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது, தோட்டத்திற் பிடிபட்ட ஆட்டைக் கண்டு தோட்டக்காரனையே அதன் சொந்தக்காரன் என்று முடிவு செய்வது போன்றது. நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். ஒரு நிகழ்ச்சி எப்பொழுது நடந்தது என்பதைத் திட்டமாக அறிந்துவிட்டால் அதன் காரணம் பாதி வெளியாகிவிடும் என்று மாணவருக்கு ஓயாமற் சொல்லி வருபவன். அவ்விதி சலவை இயந்திரத்துக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற மார்கழியிலே கண்டேன்.

எங்கள் வீட்டில் இவ்வியந்திரம் ஆடம்பரப் பொருளன்று. என் தாயார் பாரிசவாதத்தினால் படுக்கையிலாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாளொன்றுக்கு மூன்று விரிப்புகளேனும் மாற்றவேண்டும். சில நாட்களில் ஐந்தும் ஆகும். வெயிற் காலத்தில், கிணற்றடிக் கல்லிலே தோய்த்துக் கொடியிற் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கிவிட்டாலோ அந்தக் கணக்கு எடுபடாது. கையாற் பிழிந்த விரிப்பு இரண்டு நாளாகியும் ஈரம் காயாது நாறும். நிமிடத்துக்கு 1000 தடவை சுழன்று பிழியும் இயந்திரத்திலிருந்து எடுத்த விரிப்போ, விறாந்தைக் கொடியில் ஓரிரவிலே காய்ந்துவிடும். படுக்கைப்புண் வராமல் ஒருவரைக் காப்பதற்கு உலர்ந்த விரிப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை, அத்தகைய நோயாளரை வைத்துப் பராமரித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அம்மாவைப் பார்ப்பதற்கு உதவியாகப் பகலில் ஒரு பெண்மணி வருவார். என் மனைவி அவரை அக்கா என்று அழைப்பாள். பிள்ளைகளுக்கு அவர் பெரியம்மா. விரிப்புகளை இயந்திரத்திற் போடுவதும் எடுப்பதும் அவருடைய பொறுப்பு. ஒருநாள் இயந்திரத்தின் பின்புறம், இடது மூலையிலே தண்ணீர் நிற்கக் கண்டவரும் அவரே. மறுநாள் அது ஒரு சிறங்கையளவு. நான்காம் நாள் துணி போட்டு ஒற்றி எடுக்கவேண்டிய அளவு.

திருத்துநர் ஒருவரை அழைத்தோம். அவர் வந்தார், தலையைச் சாய்த்து மூலையைப் பார்த்தார், இயந்திரத்தை ஓடவிடவில்லை, மூடியைக் கழற்றவுமில்லை. "தொட்டி வெடிச்சிருக்குது சேர். தூளை அளவில்லாமல் அள்ளிப் போட்டால் இப்பிடித்தான் வரும். இதைத் திருத்திறதிலும் பார்க்கப் புதிசு வாங்கிறது நல்லம்" என்றார். புதியதன் விலை ஏறக்குறைய 2 இலட்சம் ரூபாய். ஆசிரியர் ஒருவருடைய சம்பளத்தில் அது எத்தனை மாதத்துக் கணக்கு என்பதை வாசகரே அறிவர்.

பணம் ஒருபுறமிருக்க, மறுநாட் காலை நான் கண்ட காட்சியே என்னை இவ்விடயத்தில் இறங்கச் செய்தது. தூறலிலே, தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, அப்பெண்மணி கிணற்றடியில் அம்மாவின் விரிப்புகளைக் கையாலே தோய்த்துக்கொண்டிருந்தார். "ஏன் அக்கா இது?" என்று என் மனைவி கேட்டதற்கு, "மெஷினை இனி நான் தொடமாட்டன் பிள்ளை. நான்தானே அதைப் பழுதாக்கினது" என்றார். திருத்துநர் சொன்ன சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது. சம்பளத்தில் மாதம் மாதம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படியும் கேட்டார். காரணம் தெரியாத இடத்திலே குற்றவாளி எளிதிற் கிடைத்துவிடுகிறார். அவர் பெரும்பாலும் அந்த வீட்டிலே குறைந்த சம்பளம் பெறுபவராக இருக்கிறார்.

ஆகவே முதலில் அந்தத் தூள்பற்றிய குற்றச்சாட்டை விசாரித்தேன். அதிக நுரை எழுந்து நீர் வெளியேறுவது உண்மையில் நிகழக்கூடியதே. ஆனால் நுரையினால் வரும் ஒழுக்கு ஒளிந்து வராது. தூள் போடும் இழுப்பறையின் விளிம்பிலே நுரையாகவே பொங்கித் தெரியும். கண்ணாடிக் கதவினூடாகப் பார்த்தால் உள்ளே பாதிக்குமேல் வெண்மையாக நிற்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. மேலும், எங்களூர்க் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிலே ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டாத வீடு வலிகாமத்தில் ஏது? கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் நண்பர் சொன்னார்: இத்தகைய வன்னீரிலே சவர்க்காரம் சுண்ணத்தோடு சேர்ந்து திரையாகிவிடும், நுரைப்பதற்கு முன் பெரும்பகுதி வீணாகும், சலவைத்தூள் அவ்வளவு பாதிக்கப்படாதெனினும் அதன் நுரையும் மட்டுப்படும் என்று. அதற்கும் மேலாக, இரண்டு நாள் தூளைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தோம். ஒழுக்கு ஒரு துளியேனும் குறையவில்லை. அக்குற்றச்சாட்டு அத்துடன் தள்ளுபடியாயிற்று. அப்பெண்மணியிடம் இதனை நானே சென்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தையும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்தேன். முன்புறம் வட்டக் கதவுள்ள இயந்திரம் அது. 1937இல் அமெரிக்காவில் இவ்வகைத் தன்னியக்க இயந்திரம் வீடுகளுக்கென்று விற்பனைக்கு வந்தபோது, அதன் அதிர்ச்சிக்கு அஞ்சி அதனைத் தரையோடு திருகிப் பூட்டவேண்டியிருந்ததாம். இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த வட்டக் கண்ணாடி மாறவில்லை. அதனூடாக நடப்பதை நாம் பார்க்கலாம் என்பது துப்பறிபவனுக்குப் பெரும் வாய்ப்பு.

இயந்திரத்தின் வேலை நான்கு கட்டங்களாக நடக்கிறது. நீர் உள்ளே வருகிறது. உருளை சுழன்று துணியைப் புரட்டுகிறது. அடியிலுள்ள பம்பி நீரை வெளியே தள்ளுகிறது. உருளை வேகமாகச் சுழன்று பிழிகிறது. அலசுவதற்காக இவை மீண்டும் நிகழும். ஒவ்வொரு கட்டத்திலும் நீர் இயந்திரத்தின் வெவ்வேறு உறுப்பிலே நிற்கிறது. ஆதலால் எக்கட்டத்திலே ஒழுக்குத் தோன்றுகின்றதோ, அக்கட்டத்திலே நீரைத் தாங்கும் உறுப்பைத்தான் ஐயுறவேண்டும். நீர் உள்ளே வரும்போதே ஒழுகினால், குழாயிலிருந்து வரும் றப்பர்க் குழலின் இரண்டு முனைகளையும் தூள் இழுப்பறையையும் பார்க்கவேண்டும். நீர் வெளியேறும்போது மட்டும் ஒழுகினால், பம்பியையும் அதன் வடியையும் கழிவுநீர்க் குழலையும். பிழியும்போது, பின்புறத்தின் நடுவிலிருந்து துருநிறத்தோடு வந்து, ஆகாயவிமானம் புறப்படுவது போன்ற இரைச்சலும் சேர்ந்து கேட்டால், உருளையின் அச்சைச் சுற்றியுள்ள றப்பர் அடைப்பும் போள்பெயாரிங்கும் போய்விட்டன என்று பொருள். அது ஒன்றுதான் உண்மையிலே பெருஞ் செலவு. பல புதிய இயந்திரங்களில் வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டியே செய்கிறார்கள், திறக்க வழியில்லை. புதியது வாங்கும்படி சொல்வதற்கு அந்த நிலையிலே நியாயமுண்டு.

இன்னுமொரு சோதனை உண்டு. இதைச் செய்வதற்கு ஆயுதம் எதுவும் வேண்டாம், இரண்டு விரல்கள் போதும். ஒழுகிய நீரை விரல்களிடையே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பும் சவர்க்கார மணமும் இருந்தால் அது தொட்டிக்குள் போய் வந்த நீர். குடிநீர் போலத் தெளிவாக இருந்தால் அது தொட்டியையே காணாத நீர். குற்றம் குழாய்ப் பக்கத்திலே. ஐயம் தீராதவர்கள், வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்து, வெறும் உருளைக்குள் ஊற்றி ஓடவிடலாம். நீலநிறமாக வெளியே வந்தால் சாட்சி முடிந்தது. நமது வன்னீரும் ஒரு சாட்சியே என்பதை இங்கே சொல்லவேண்டும். பிற ஊர்களில் மெல்லக் கசிந்த நீர் காய்ந்துபோனால் தடயம் இராது. இங்கே, நீர் போனாலும் சுண்ணாம்பு போகாது. நாளடைவிற் கசிந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். எங்கள் இயந்திரத்தின் பின்புறக் குழலை ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். மரைமூடியைச் சுற்றி ஒரு வெள்ளைப் புள்ளியேனும் இல்லை. நீர் தேங்கியது அதன் அடியிலேதான். ஆயினும் அக்குழல் நிரபராதி.

கொப்பியிலே எழுதியது இவ்வளவே: நீர் உள்ளே வந்தபோது தரை உலர்ந்திருந்தது. உருளை புரளத் தொடங்கி 10 நிமிடத்தில் முதலீரம். நீர் வெளியேறியபோது கூடவில்லை. அலசும்போது மீண்டும் ஈரம், முன்னதிலும் அதிகம். பிழியும்போது ஒன்றுமில்லை. விரலிலே வழுவழுப்பு.

அலசும்போது இயந்திரம் தொட்டியிலே நீரைச் சற்று உயர்த்தி நிறுத்துவதுண்டு. ஆகவே ஓட்டை எங்கேயிருந்தாலும், அது சாதாரண நீர்மட்டத்துக்குச் சிறிது மேலே, உருளை புரளும்போது நீர் அடித்துத் தெறிக்கும் இடத்திலே இருக்கவேண்டும். தொட்டியின் அடியிலே வெடிப்பிருந்தால் நீர் நிற்கும் நேரமெல்லாம் ஒழுகவேண்டுமன்றோ? தொட்டி வெடித்தது என்ற தீர்ப்பு இங்கேயே ஆட்டங்கண்டுவிட்டது.

அடுத்த ஓட்டத்துக்கு முன், பழைய வாரப்பத்திரிகைத் தாள்களை இயந்திரத்தின் அடியிலே, முன்னிருந்து பின்வரை வரிசையாகச் செருகினோம். (இப்பத்திரிகையும் அவற்றுள் இருந்தது; ஆசிரியர் பொறுத்தருள்க.) உயர்தர வகுப்பிலே படிக்கும் என் மகன் தரையிலே வயிறு படப் படுத்து, ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டாம் நிமிடத்தில், "அப்பா, முன்பக்கத் தாள்தான் நனையுது!" என்று கூவினான். முன்பக்கம், நடுவிலே, வட்டக் கதவுக்கு நேர் கீழே! அங்கே விழுந்த நீர், கழிவுத் துவாரத்தை நோக்கிச் சரித்துப் பூசிய சீமெந்துத் தரையிலே ஓடிப் பின்மூலையை அடைந்திருக்கிறது. கதவின் வெளிமுகம் முற்றாக உலர்ந்திருந்தமையால் ஒருவரும் அதனை ஐயுறவில்லை.

கதவுக்கும் தொட்டிக்கும் இடையே மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய றப்பர் வளையம் உண்டு. உருளையோடு தொட்டி குலுங்கும். கதவுள்ள முன்தகடோ அசையாது. இரண்டையும் நீர் புகாமல் இணைப்பது அவ்வளையம். இயந்திரத்தின் மின்செருகியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் கீழ்மடிப்பை இரு கைகளாலும் விரித்துப் பார்த்தேன். தலைமயிர், நூற்சிக்கு, கறுத்த பாசி. அவற்றின் நடுவே அரை அங்குல நீளத்தில் ஒரு கிழிசல். கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. கிழிசல் உள்மடிப்பில் இருந்தமையால் நீர் கதவின் வெளியே வராமல் தகட்டின் உட்புறமாக இறங்கியிருக்கிறது.

கிழித்தது எது என்பதும் சிறிது நேரத்தில் தெரிந்தது. முன்புறத்தின் அடியில் ஒரு சிறு கதவு இருக்கும். அதன் உள்ளே திருகிக் கழற்றும் மூடியோடு பம்பியின் வடி. பல வீடுகளில் அந்தச் சிறு கதவு, வாங்கிய நாள் முதலாக ஒருமுறையேனும் திறக்கப்படுவதில்லை. கீழே ஒரு தட்டையும் பழந்துவாயையும் வைத்துக்கொண்டு மெல்லத் திருகவேண்டும். ஒன்றிரண்டு லீற்றர் நீர் வரும். எங்கள் வடியிலே இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றிகளும், ஒரு சட்டைப் பொத்தானும், வாய் திறந்தபடி துருவேறிய ஒரு சட்டைப்பின்னும் இருந்தன. அம்மாவின் விரிப்புச் சுருங்கிப் புண் பண்ணாதிருப்பதற்காக, அதன் மூலைகளை மெத்தையோடு சட்டைப்பின் குத்தி இழுத்து விடுவது வழக்கம். பகலிலே அப்பெண்மணி குத்துவார். இரவிலே என் மனைவி. மற்ற நேரத்தில் யார் அருகில் இருக்கிறாரோ அவர். அந்த ஒரு பின் யார் குத்தியது என்று ஆராயப் புகுந்தால் மூவரில் ஒருவர் மனம் நோவதன்றி வேறு பயன் விளையாது. அந்த விசாரணையை நான் நடத்தவில்லை.

இத்தகைய கிழிசலைப் பசையால் ஒட்டிச் சமாளிப்போர் உண்டு. சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையும் துண்டும் சில நாள் தாங்கும். ஆனால் அம்மடிப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்வதால் ஒட்டு நிலைக்காது. வளையத்தையே மாற்றுவதுதான் முறை. இயந்திரத்தின் மாதிரி இலக்கம் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போகாமல் கடைக்குச் சென்றால் இருமுறை நடக்கவேண்டும். பழைய வளையத்தை எடுப்பது எளிது. முன்தகட்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையம், ஒரு சிறு சுருளால் இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் றப்பர் உள்ளே மடியும். அதன் பின்னே தொட்டியின் வாயைப் பற்றிய இரண்டாவது வளையம். புதியதைப் போடும்போது கவனிக்கவேண்டியவை இரண்டு. றப்பரிலுள்ள அடையாளம் தொட்டியிலுள்ள அடையாளத்துக்கு நேரே வரவேண்டும். மடிப்பில் தங்கும் நீர் வடியும் சிறு துளைகள் சரியாகக் கீழ்ப்புறத்தில் அமையவேண்டும். அடுத்தது, அந்தக் கம்பி வளையத்தை மீண்டும் பூட்டுவது. இதற்கு இரண்டு பேர் அவசியம். ஒருவர் ஒரு பக்கத்தை அமர்த்திப் பிடிக்க, மற்றவர் எதிர்ப்பக்கத்தை இழுத்து ஏற்றவேண்டும். கை வழுக்கினால் கம்பி பாய்ந்து வந்து முகத்திலே அடிக்கும். மகனுக்கு அன்று தனியார் வகுப்பு. "நான் பிடிக்கிறன் சேர்" என்று முன்வந்தவர் அப்பெண்மணிதான். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கை அவருடையது. கம்பி ஓர் இம்மியும் நழுவவில்லை. மூன்றாம் முயற்சியிலே பூட்டிக்கொண்டது. வளையத்தின் விலை 14,000 ரூபாய். கூலி இல்லை.

இயந்திரத்தை ஓடவிட்டு, பத்திரிகைத் தாளை அடியிலே வைத்து, அவரையே பார்க்கச் சொன்னோம். ஒரு மணி நேரமும் அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தாள் உலர்ந்தபடி வெளியே வந்தது. அதைத் தடவிப் பார்த்து, மடித்து, தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இவ்விடயத்தோடு சேர்ந்த வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களூரில் இது பலருக்கும் வருவது. இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கும்போதே காலையில் உருளைக்குள் நீர் நிற்கும். சில வீடுகளில் நிரம்பி வழிந்ததும் உண்டு. நீரை உள்ளே விடும் வால்வு மின்சாரத்தாலே திறப்பது. ஆனால் இறுக மூடுவதற்கு நீரின் அமுக்கத்தையே அது துணையாகக் கொள்கிறது. 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்குத்தான் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் உண்டு. வீட்டுக் கூரையருகே 12 அடியில் வைத்த தண்ணீர்த் தாங்கி அதில் மூன்றிலொரு பங்குக்குச் சிறிது அதிகமாகவே தரும். பல இயந்திரங்களுக்கு அது ஆகக்குறைந்த தேவையின் எல்லையிலேதான் நிற்கிறது. போதாததற்கு வால்வின் வாயிலே ஒரு சுண்ணாம்புத் துணுக்கு இருந்துவிட்டால் அது முற்றாக மூடாது. துளி துளியாக உள்ளே வந்துகொண்டேயிருக்கும். வால்வின் முன்னுள்ள சிறு வலையை ஆண்டுக்கிருமுறை எடுத்து, தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கழுவிப் போடுவது நன்று. வேலை முடிந்ததும் குழாயைப் பூட்டிவிடுவது அதனிலும் நன்று. மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இயந்திரத்தின் அடியில் ஈரம் இருக்கும்போது 230 வோல்ற்றும் அங்கேயே இருக்கிறது. செருகியைக் கழற்றாமல் யாரும் கை வைக்கவேண்டாம். ஒழுக்குத் தொடங்கியபின் வீட்டின் ரிப் சுவிச் அடிக்கடி விழுமானால், அதை மேலே தள்ளித் தள்ளிப் பாவிக்காமல் இயந்திரத்தை நிறுத்திவிடவேண்டும்.

இயந்திரத்தின் மேலே இப்பொழுது ஒரு பால்மா ரின் இருக்கிறது. அதை அங்கே வைத்தவர் அப்பெண்மணி. விரிப்புகளை உதறி, மூலைகளைத் தடவி, சட்டைப்பைகளைப் புறந்திருப்பிப் பார்த்து, அகப்படுவதை அதற்குள்ளே போடுகிறார். சென்ற வாரம் அதைக் கவிழ்த்து எண்ணினோம்: சட்டைப்பின்கள் 7, ஐந்து ரூபாய்க் குற்றி 4, பொத்தான்கள் 3, மகனுடைய பேனை மூடி ஒன்று, என் கல்லூரிச் சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்கட்டித் துண்டு.